மிதவையைக் கண்டதும் வலப்பக்கம்

2025 ஜனவரி 9, வியாழன்

வாடைக் காற்று. இன்றும் படகு ஓடவில்லை. கிளினிக் நாள் என்பதால் மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக பஸ்ஸில் திருகோணமலைக்குப் போனேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கொட்டியாரக் குடாவைக் கடந்து ஆட்களை ஏற்றி இறக்குகிறவன் பஸ்ஸில் யன்னலோரம் ஒடுங்கிக்கொண்டு போவது எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. கண்டக்டர் வேறு, "என்ன ஹிஸ்புல்லா காக்கா, கடல் ஒங்களுக்கு லீவு குடுத்திட்டா?" என்று கேட்டான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்து வைத்தேன்.

டொக்டர் அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடம் தெரிகிறது, சிரிப்புத்தான் வருவதில்லை. அழ வேண்டிய இடத்திலும் அதே கதை.

போன வருடம் மே தொடக்கம் ஓகஸ்ட் வரை அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஏன் வந்தது என்று ஊரே கேட்டது. கடன் இல்லை, சண்டை இல்லை, வீட்டில் சாவு, மவுத்து என்று ஒன்றும் இல்லை. காரணம் ஒன்று இருந்தால் சொல்லிவிட்டுப் போயிருப்பேனே. கிடந்தவனை எழுப்பியது டொக்டர் தந்த குளிசைதான், அதை மறுக்க மாட்டேன். எழுப்பியது, குளிக்க வைத்தது, நவம்பரில் திரும்பவும் சுக்கானைப் பிடிக்க வைத்தது. ஆனால் வாய் காய்கிறது. குடித்து ஒரு மணித்தியாலத்தில் கண் சொருகுகிறது. மரக்கட்டையாக இருக்கிறேன்.

"இப்ப குறைக்க ஏலாது" என்றார் டொக்டர். "வேணுமெண்டா வியாழக்கிழமையில மதிசுதன்ட யோகா வகுப்புக்குப் போய்ப் பாருங்கோ. சிலருக்கு உதவுது."

"குளிசைக்குப் பதிலாவா?"

"குளிசையோட."

யோகா! மூதூர் ஜெட்டியில் இதைக் கேட்டால் ஒரு கிழமைக்கு வேறு கதை இருக்காது.

2025 ஜனவரி 16, வியாழன்

முதல் வகுப்பு. கிளினிக்குக்குப் பின்னால் ஒரு மண்டபம், நிலத்தில் பாய். மதிசுதனுக்கு முப்பத்தைந்து வயது வரும். கிளினிக்கில் வேலை செய்கிற பெடியன், என்னை "நானா" என்று கூப்பிட்டான். மந்திரம் ஏதாவது சொல்லச் சொன்னால் எழும்பி வந்துவிடுவதென்று நினைத்துக்கொண்டு போனேன். மந்திரமும் இல்லை, மணியும் இல்லை. மூச்சை இழு, விடு. கையைத் தூக்கு, குனி. குனிந்தால் என் கை முழங்காலோடு நின்றுவிட்டது.

கடைசியில் எல்லாரையும் மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடச் சொன்னான். குளிப்பாட்டிக் கிடத்திய மய்யித்துப் போலக் கிடந்தேன். மய்யித்தென்றால் முகத்தை மக்கா இருக்கிற கிப்லாப் பக்கம் திருப்பியாவது வைப்பார்கள், நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். பக்கத்துப் பாயில் வெருகல் பக்கத்திலிருந்து வருகிற ராசமலர் அக்கா குறட்டை விடத் தொடங்கிவிட்டா.

எழும்பும்போது ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரம் நான் என்னைத் திட்டவில்லை.

2025 ஜனவரி 17, வெள்ளி

உடம்பில் இத்தனை இடம் இருக்கிறதென்று இன்றுதான் தெரியும். எல்லா இடமும் நோகிறது.

2025 ஜனவரி 30, வியாழன்

காற்று அடங்கிப் படகு ஓடத் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்கு மூதூரில் எடுத்தால் எட்டேகாலுக்குத் திருகோணமலை டவுன் ஜெட்டி. அங்கே ரொட்டி, பாலில்லாத பிளேன்டி, பிறகு குளிசை. கண் சொருகுகிற நேரத்துக்குப் படகு கட்டிக் கிடக்கும். பின் பலகையில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பினால் பன்னிரண்டு மணிப் பயணத்துக்குத் தெளிந்துவிடுவேன். கிளினிக் அட்டையில் "காலை, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருக்கிறது. எனக்கும் படகுக்கும் தோதான ஏற்பாடு.

படகு எனக்கும் முனீப்புக்கும் சொந்தம். முனீப் என் மனைவி ஸல்ஹாவின் தம்பி. நான் சுக்கான், அவன் இன்ஜினும் டிக்கெட்டும். பயணிகள் பிளேன்டி குடித்தால் அவன் இஞ்சிச் சோடா குடிப்பான். தேநீர் பட்டால் அவனுக்கு வயிறு எரியும், கலியாண வீட்டில் கொடுத்தாலும் தொடமாட்டான்.

நவம்பரில் நான் திரும்பி வந்த அன்று அவன் ஒன்று சொன்னான். "மச்சான், ஒரு நாளைக்கு ஏலாட்டி ஏலாண்டு எனக்கிட்ட வாய் திறந்து செல்லுங்க. ஆக்கள ஏத்திட்டு எனக்கிட்ட ஒண்டும் செல்லாம மட்டும் இரிக்க வேணாம்." சரி என்றேன். இந்த வேலையில் கஷ்டமான இடம் ஒன்றுதான். உள்துறைமுகத்துக்குள் நுழைந்ததும் சிவப்பு மிதவை வரும். அதைக் கண்டதும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். நேரே போனால் கப்பல் வருகிற பாதை. கண்ணை மூடிக்கொண்டும் திருப்புவேன்.

அறைக்குள் கிடந்த மாதங்களில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. சாப்பாடு வேண்டாம், ஆள் வேண்டாம். சுக்கான் மட்டும் வேண்டும் போலிருந்தது. அதை இன்னொரு முறை விட ஏலாது.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில் அரிசிக்கடை இக்ராம் ஹாஜியார் பிடித்துக்கொண்டார். யோகாக் கதை அவர் காதுக்கும் போய்விட்டது.

"அஞ்சு நேரத் தொழுகையிலயும் எல்லா யோகாவும் இரிக்கே. அதுக்கு என்னத்துக்கு டவுனுக்குப் போறிங்க?"

"அப்ப அஞ்சு நேரமும் தொழுத நான் என்னத்துக்கு ஹாஜியார் நாலு மாசம் படுத்துக் கிடந்தன்?"

அவர் இன்னொரு தேநீர் சொன்னார். குடித்து முடிக்கையில், "அந்தக் குளிசையெல்லாம் பழகினா மவுத்து வரைக்கும் விட ஏலாதாம்" என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார். ஸல்ஹாவிடம் சொன்னேன். "அவரோட என்னத்துக்கு வாய் குடுக்கிறிங்க" என்று ஏசினாள். ஏசும்போதே சிரித்தாள். பிறகு வழக்கம் போல, "குளிச குடிச்சிங்களா?" என்று கேட்டாள்.

மவுத்து வரைக்குமா?

2025 பெப்ரவரி 20, வியாழன்

கை இப்போது கணுக்கால் வரை போகிறது. வீட்டில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மொட்டைமாடிச் சிலாப்பில் ஏறிச் செய்கிறேன். மகள் அப்ரா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். முந்தி இரவு படுத்தால் மண்டைக்குள் யாரோ கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மூச்சை எண்ணினால் அது அடங்குகிறது. நல்லது நடந்தால் நல்லது என்றுதான் எழுத வேண்டும்.

வகுப்பு முடிய மதிசுதனிடம் மெல்லக் கேட்டேன். "இது மட்டும் காணாதா தம்பி? குளிசையும் வேணுமா?"

"நான் இதைப் படிப்பிக்கிறவன் நானா. காணும் எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான். லேசா வந்த ஆக்களுக்குச் சில நேரம் காணும். உங்களுக்கு வந்தது லேசில்லை. நீங்களா விட்டிடாதேங்கோ."

அவன் நாலைந்து வசனம் சொன்னான். நான் "காணும்" என்றதை மட்டும் தூக்கிக்கொண்டு படகேறினேன் என்று நினைக்கிறேன்.

2025 மார்ச் 1, சனி

பிறை கண்டாச்சு. நாளை நோன்பு. ஸல்ஹா விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு அரிசி களைந்து வைத்துவிட்டாள்.

நோன்பில் காலைச் சாப்பாடு ஏது? அப்படியென்றால் "காலை, சாப்பாட்டுக்குப் பின்" எப்போது? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அட்டைக்கும் தெரியவில்லை. ஸஹர்ச் சாப்பாட்டோடு குடிக்கலாம், அதுவும் காலைதானே.

2025 மார்ச் 4, செவ்வாய்

ஸஹரோடு குடித்து மூன்று நாள். சரிவராது. ஏழு மணிப் படகில்தான் கண் சொருகுகிறது. இன்று தலையை உலுப்பிக்கொண்டு, முகத்துக்கு உப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓட்டினேன். நோன்பு, பிளேன்டியும் குடிக்க ஏலாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருந்தார்கள். நாளையிலிருந்து மாலையில் நோன்பு துறந்த பிறகு கஞ்சியோடு.

2025 மார்ச் 5, புதன்

கஞ்சியோடு குடித்தேன். பள்ளியில் இரவுத் தராவீஹ் தொழுகையில் ஸுஜூதுக்குப் போனவன் எழும்பவில்லை. நித்திரை! முழு வரிசையும் எழும்பி நிற்க நான் மட்டும் நெற்றியைப் பாயில் வைத்தபடி. பக்கத்தில் நின்ற மனிதர் காலால் தட்டினார். பின்வரிசைப் பொடியன்களின் சிரிப்பு பள்ளி முழுக்கக் கேட்டது. தொழுது முடிய இக்ராம் ஹாஜியார், "மாஷா அல்லாஹ், நல்ல நீளமான ஸுஜூது" என்றார்.

இனி அந்தப் பக்கம் எப்படித் தலை காட்டுவது?

2025 மார்ச் 6, வியாழன்

யோசித்தேன். காலையில் குடித்தால் ஆட்களைக் கடலில் போடுவேன். மாலையில் குடித்தால் பள்ளியில் மானம் போகும். நோன்பு முடியும்வரை விட்டால் என்ன? மூச்சு இருக்கிறது, யோகா இருக்கிறது, நோன்பும் மனதுக்கு மருந்துதான். ஒரு மாதம்தானே.

ஸல்ஹா கேட்டாள், "குளிச குடிச்சிங்களா?"

"ஓம், குடிச்சிட்டன்" என்றேன்.

2025 மார்ச் 10, திங்கள்

தலையைச் சடாரென்று திருப்பினால் உள்ளே சுரீர் என்று ஒன்று ஓடுகிறது. நோன்புத் தலைச்சுற்று. பேரீச்சம்பழம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும்.

2025 மார்ச் 13, வியாழன்

கிளினிக் நாள். போகவில்லை. வகுப்புக்கும் போகவில்லை, போனால் கேட்பார்கள்.

2025 மார்ச் 22, சனி

எவ்வளவு நாளைக்குப் பிறகு! உடம்பு லேசாக இருக்கிறது. வாய் காய்வதில்லை. கண் சொருகுவதில்லை. விடியற்காலை குடாவில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது, அதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. பார்க்கிறேன் என்று தெரிகிறது, அதுதான் பெரிய விசயம். முனீப் இன்ஜினிடம் பேசிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

சிலாப்பில் இப்போது காலையிலும் மாலையிலும் செய்கிறேன். ஸல்ஹா பக்கத்து வீட்டு ஜெஸ்மினிடம், "அந்தக் குளிச இப்பத்தான் நல்லா வேல செய்யிது" என்று சொல்லிக்கொண்டிருந்தது குசினி யன்னலால் கேட்டது.

சொல்லிவிடலாம் என்று எழும்பினேன். பெருநாள் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

2025 மார்ச் 31, திங்கள்

பெருநாள். புதுச் சாரம், வட்டிலப்பம், வீடு நிறைய ஆட்கள். எல்லாம் நல்லபடி. பின்னேரம் ஒரு காரணமும் இல்லாமல் கிணற்றடியில் போய் நின்றேன். ஆட்கள் எப்போது போவார்கள் என்றிருந்தது.

நோன்பு முடிந்துவிட்டது. நாளைக்குக் காலைச் சாப்பாடு உண்டு. ஆனால் நன்றாக இருக்கிறவன் எதற்குக் குளிசை குடிக்க வேண்டும்?

2025 ஏப்ரல் 7, திங்கள்

மூன்று நாளாகக் காலையில் எழும்புவது பாரமாக இருக்கிறது. பெருநாள் களைப்பு என்றாள் ஸல்ஹா. நானும் அப்படித்தான் சொன்னேன்.

யோகாவை நீட்டினேன். அரை மணி செய்ததை ஒரு மணியாக்கினேன். கை இப்போது நிலத்தைத் தொடுகிறது. தொட்டு என்ன? மூச்சை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை நடுவில் நின்றுவிடுகிறது, எங்கே விட்டேன் என்று தெரிவதில்லை. நான் சரியாகச் செய்யவில்லைப் போலும். இன்னும் சரியாகச் செய்ய வேண்டும்.

2025 ஏப்ரல் 12, சனி

சுவருக்குச் சாம்பல் நிறம். போன வருடம் பார்த்த அதே சுவர்தான்.

2025 ஏப்ரல் 16, புதன்

எழுதத்தான் வேணும். எழுதாட்டி நாளைக்கு இதுவும் நடக்கல்ல எண்டு எனக்கே செல்லிக்குவன்.

காலைப் படகு. முப்பது பேருக்குக் கிட்ட. கடல் சும்மா படுத்துக் கிடந்திச்சி, ஒரு காத்தில்ல, ஒரு அலையில்ல. உள்துறைமுகத்துக்குள்ள வந்திட்டம். மிதவையக் கண்டன். நல்லாக் கண்டன், அதுல ஒரு கடல்காகம் இரிந்திச்சி, அதையும் கண்டன். திருப்பணும் எண்டு தெரியும். கை சுக்கான்லதான் இரிந்திச்சி.

திருப்பல்ல.

ஏன்? சாக நினைச்சனா? இல்ல. அல்லாஹ் அறிய இல்ல. ஒண்டையும் நினைக்கல்ல. அதுதான் பயமா இரிக்கு. திருப்பினா என்ன, திருப்பாட்டி என்ன எண்டிருந்திச்சி. மிதவை பக்கத்தால போய்ப் பின்னால போயிட்டு. முன்னால ஒரு சீமெந்துக் கப்பல், ஹோர்ன் அடிக்கிறான். அதையும் கேட்டன்.

முனீப் கத்தல்ல. ஓடியும் வரல்ல. நடந்து வந்து என்ட கைக்கு மேல அவன்ட கைய வச்சான். வச்சுத் திருப்பினான். ஆக்களுக்கு, "இன்ஜின்ல சின்னப் பிரச்சின, ஒண்டுமில்ல" எண்டான். ஒரு டீச்சர், "நான் பயந்து போனன்" எண்டு சிரிச்சா. மடியில கைப்புள்ள வச்சிருந்த ஒரு பொம்பளயும் சிரிச்சா.

ஜெட்டியில கட்டிப்போட்டு எல்லாரும் இறங்கின பிறகு முனீப் பக்கத்தில இருந்தான். "ஏலாட்டி எனக்கிட்ட செல்லச் சென்னன்தானே மச்சான்" எண்டான். அவ்வளவுதான். கையில இரிந்த இஞ்சிச் சோடா மூடிய அவனுக்குத் திறக்க ஏலல்ல. நான் திறந்து குடுத்தன்.

2025 ஏப்ரல் 17, வியாழன்

ஸல்ஹாவோடு பஸ்ஸில் கிளினிக். இரவு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் தொடங்கினாள்.

"ஒவ்வொரு நாளும் கேட்டன். ஒவ்வொரு நாளும் ஓம் எண்டிங்க. நான் என்னத்தச் செய்யிற, வாயத் திறந்து பாக்கிறதா? நீங்க சிரிக்கக்குள்ள நான் நன்றி செல்லி அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செஞ்சன். குளிசைக்கும் ஷுக்ர் செஞ்சன்!" பிறகு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

டொக்டர் ஏசவில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் அப்படிச் சுரீர் என்றுதான் இருக்குமாம், அது நோன்பால் வந்ததில்லையாம். கண் சொருகலும் வாய் காய்தலும் போனதில் முதலில் லேசாகத் தெரிந்திருக்கும், பழைய நோய் திரும்ப வரச் சில கிழமை எடுத்திருக்கும் என்றார். ஸஹரும் ஸுஜூதும் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தராவீஹ் முடிஞ்சு படுக்கப் போகேக்க குடிச்சிருக்கலாமே" என்றார்.

அவ்வளவுதானா?

தொழுகையும் முடிந்து, படகும் கட்டிக் கிடக்கிற நேரம். நித்திரை வந்தால் வரட்டும் என்கிற நேரம். அது என் தலையில் வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பார். நான் அட்டையிடம் கேட்டேன், ஹாஜியாரின் தேநீர்க் கதையைக் கேட்டேன், டொக்டரிடம் மட்டும் கேட்கவில்லை. இனி ஒவ்வொரு நாளும் படுக்கும்போது. அளவு படிப்படியாகப் பழையபடி கூடும். சுக்கானை, அவர் சொல்லும்வரை தொடக் கூடாது.

வெளியே மதிசுதன் நின்றான். விசயம் தெரிந்திருந்தது. "நோன்பு மாசத்தில வகுப்புக்கு அரைவாசிப் பேர் வரேல்ல. நோன்பு, வர ஏலாது எண்டு நினைச்சு விட்டிட்டன். குளிசையை எப்ப குடிக்கிறீங்கள் எண்டு ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல" என்றான். அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஓம் என்று பொய் சொன்னது நான், அவன் ஏன் தலை குனிய வேண்டும்?

2025 ஏப்ரல் 25, வெள்ளி

ஸல்ஹா படுக்கும் நேரம் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து தருகிறாள். விழுங்கி முடியும்வரை நிற்கிறாள். கேள்வி கேட்பதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும்.

2025 மே 8, வியாழன்

இன்று முதன்முதலாகத் திரும்பப் படகேறினேன். கயிறு எறிகிறவனாக. டிக்கெட்டும் நான்தான். பழைய பயணிகளுக்கு விளங்கவில்லை. "என்ன காக்கா, பதவி எறக்கிட்டாங்களா?" என்றார் ஒருவர். "கண்ணுல கொஞ்சம் பிரச்சின" என்று முனீப் முந்திக்கொண்டான். என்னால் அவன் பொய் சொல்லப் பழகுகிறான். மிதவை வந்தபோது நான் வேண்டுமென்றே காசைக் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். படகு சாய்ந்து திரும்புவது காலில் தெரிந்தது.

வகுப்புக்கும் போனேன். யோகாவோடு எனக்குக் கோபம் இருந்தது. ஏமாற்றிப்போட்டது என்று ஒரு நினைப்பு. ராசமலர் அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கு இது ஒண்டும் செய்யேல்லத் தம்பி" என்றா அவ. "ரெண்டு வருசமா வாறன். முழங்கால் மட்டும் கொஞ்சம் நல்லம்."

"அப்ப என்னத்துக்கு வாறிங்க?"

"வீட்டில இருந்தா என்னோட ஆர் கதைக்கிறது?"

சொல்லிவிட்டு மல்லாக்கப் படுத்து, கொஞ்ச நேரத்தில் குறட்டை. நானும் படுத்தேன். மூச்சை எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டது. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

2025 ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கிணற்றடிக்குப் போகவில்லை.

2025 ஜூலை 10, வியாழன்

டொக்டர் கேள்வியெல்லாம் கேட்டார், கையை நீட்டச் சொன்னார், ஸல்ஹாவையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இனிச் சுக்கான் பிடிக்கலாம் என்றார். இரவில் குடிப்பதால் பகலில் கண் சொருகுவதில்லை. குளிசையைப் பிறகு ஒரு காலம் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் அவர் குறைப்பார், நான் குறைக்க மாட்டேன். அதற்கு நானே தலையாட்டினேன்.

"யோகா?" என்று கேட்டேன்.

"விடாதேங்கோ. உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு அதால, எவ்வளவு இதால எண்டு என்னாலயும் பிரிச்சுச் சொல்ல ஏலாது."

எனக்கும் தெரியவில்லை. போன வருடம் குளிசை மட்டும் குடித்தபோது எழும்பி நடந்தேன், ஆனால் மரக்கட்டை. நோன்பில் யோகாவை மட்டும் நம்பினேன், அது கரையில் நன்றாகத்தான் இருந்தது, மிதவையடியில் கைவிட்டது. இப்போது இரண்டும். இரவு மூச்சை எண்ணினால் மண்டைக்குள் கணக்குப் பார்க்கிறவர்கள் எழும்பிப் போகிறார்கள். குளிசை அதைச் செய்ததில்லை. காலையில் எழும்ப முடிகிறது. யோகா அதைச் செய்ததில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த ஆளுக்கு எப்படியோ, நான் அறியேன். இக்ராம் ஹாஜியாருக்கும் தெரியாது.

முனீப்பிடம் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். சுக்கானைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று அவனுக்குச் சோடா மூடி திறக்க ஏலாமல் போனது எனக்கு மறக்கவில்லை, அவனுக்கு எப்படி மறக்கும்?

2025 ஓகஸ்ட் 2, சனி

இன்றும் கயிறுதான். கேட்டால் தருவான் என்று ஸல்ஹா சொல்கிறாள். கேட்டு வாங்குகிற சாமானா அது? மனதுக்குள் குமைகிறது. குமைகிறது என்று தெரிகிறதே, அதுவும் ஒரு முன்னேற்றம் என்று மதிசுதன் சொல்கிறான். அவனுக்கு எல்லாமே முன்னேற்றம்.

அவன் இப்போது கிளினிக் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். நோன்பு வருமுன் குளிசை நேரத்தை வந்து கேட்கச் சொல்லி, பெரிய எழுத்தில். நோன்புக்கு இன்னும் அரை வருடம் கிடக்கிறது. சொன்னேன். "இருக்கட்டும் நானா" என்றான்.

2025 ஓகஸ்ட் 21, வியாழன்

காலைப் படகு. வகுப்பு நாள் என்பதால் பாயையும் எடுத்துப் போனேன். ஸல்ஹா போத்தலில் பிளேன்டி ஊற்றித் தந்திருந்தாள், இஞ்சி போட்டு. ஆட்கள் நிறைய. மேற்கிலிருந்து கச்சான் காற்று இலேசாக இருந்தது, தண்ணீர் சிறு அலையடித்துக்கொண்டிருந்தது.

உள்துறைமுகத்துக்குள் வந்தாயிற்று. நான் டிக்கெட்டுக் காசை எண்ணுவதற்குக் குனிந்தேன்.

"மச்சான்" என்றான் முனீப். "இதக் கொஞ்சம் புடிங்க. டீ குடிக்கணும் போல இரிக்கு."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சுக்கானை விட்டு எழும்பி, என் போத்தலை எடுத்துக்கொண்டு, பின் பலகையில் போய் எனக்கு முதுகைக் காட்டி இருந்துவிட்டான்.

பிடித்தேன். கை ஈரமாக இருந்தது, சாரத்தில் துடைத்தேன். மூச்சை எண்ணவில்லை, நேரம் இல்லை. மிதவை வந்தது. இன்று அதில் ஒன்றும் இருக்கவில்லை, வெறும் சிவப்பு.

வலப்பக்கம் திருப்பினேன். படகு திரும்பியது.

பின்னால் பார்த்தேன். முனீப் போத்தல் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு மூடி முடிந்து இரண்டாவதையும் ஊற்றினான். பக்கவாட்டில் தெரிந்த முகம் கோணிப்போயிருந்தது.

"வயிறு எரியுமே!" என்றேன்.

"எரியிது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முன் வரிசையில் இருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். ஜெட்டி வரும்வரை அவன் எழும்பி வரவில்லை. கட்டிப்போட்டு ஆட்களை இறக்கியதும் அவனுக்கு ஒரு இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.